மேத்ஸா, பிசினஸ் மேத்ஸா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு கல்வராயன் மலைப் பிள்ளைகள் டி.சி.யும் சாதிச் சான்றிதழுமாக பஸ் ஏறுகிறார்கள். வெள்ளிமலையானாலும் கள்ளக்குறிச்சியானாலும் சேர்க்கையின்போது வருகிற கேள்வி ஒன்றுதான்: "எந்த குரூப்?" அதற்கான பதில் வீட்டிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

● என்ன படிக்கப் போகிறோம் என்பதை முதலில் பேசுங்கள். குரூப் அதற்குப் பிறகு. பொறியியல் என்றால் கணிதம் இல்லாமல் ஆகாது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் 100 கணிதத்துக்கே. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு, கட்டணத்தை அரசே கட்டுகிறது. இன்ஜினியரிங் ஆசை உள்ள மலைப்பிள்ளை பயத்தால் கணிதத்தை விட்டுவிடக் கூடாது. பி.காம்., சி.ஏ. என்றால் வணிகக் கணிதம் நல்ல துணை. பி.சி.ஏ.வுக்குக் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். விண்ணப்பக் கையேட்டைப் பாருங்கள்.

● அக்கா, அண்ணன்மாரிடம் கணிதம், வணிகக் கணிதம் இரண்டு புத்தகத்தையும் வாங்கிப் புரட்டுங்கள். வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் இரண்டிலும் இருக்கின்றன. வணிகக் கணிதத்தில் வகைக்கெழு இறுதிநிலைச் செலவாக வரும்: சேகோ ஆலையில் இன்னும் ஒரு மூட்டை ஜவ்வரிசி எடுத்தால் செலவு எவ்வளவு கூடும் என்ற கணக்கு. கணிதத்தில் அதே வகைக்கெழு, கூம்பு வடிவத் தொட்டியில் நீர்மட்டம் எந்த வேகத்தில் ஏறுகிறது என்று கேட்கும். எல்லை, தொடர்ச்சித்தன்மை, பகுதி வகைக்கெழு இரண்டிலும் உண்டு, கணிதத்தில் இன்னும் ஆழமாகப் போகும். கலப்பெண், வெக்டர் எல்லாம் அதற்கு மேல். எந்தப் பக்கத்தில் உங்களுக்குக் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது என்று கவனியுங்கள்.

● சேரும் பள்ளியில் கணித முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

● முக்கோணவியலும் இயற்கணிதமும் ஆட்டம் காண்கிறதென்றால் கோடை விடுமுறையிலேயே பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திரும்பப் போடுங்கள். நுண்கணிதத்தில் திணறும் பிள்ளைகளில் பலர் உண்மையில் காரணிப்படுத்துவதில்தான் திணறுகிறார்கள்.

செய்யக்கூடாதவை

● வணிகக் கணிதத்தை மட்டம் என்று நினைக்காதீர்கள். அதில் புள்ளியியலும் நிதிக் கணக்கும் செயல்முறை ஆராய்ச்சியும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அது வணிகவியல் குரூப்போடு வருவது. அதை எடுத்தால் இயற்பியலும் வேதியியலும் போய்விடும். சேர்ந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

● தோழி எடுத்தாள் என்று எடுக்காதீர்கள்.

● பக்கத்துப் பள்ளியில் அந்த குரூப் இல்லை என்பதற்காக ஆசையை மாற்றிக்கொள்ளாதீர்கள். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை விடுதிகள் இருக்கின்றன. கச்சிராயபாளையம் இறங்கி கள்ளக்குறிச்சி போய்த் தங்கிப் படிக்க முடியும். சேர்க்கையின்போதே விடுதிக்கும் விண்ணப்பியுங்கள்.

● 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று அந்த வருடத்தைத் தள்ளிவிடாதீர்கள். கணிதத்தில் எல்லையும் வகையிடலும் தொகையிடலும் தொடங்குவதே அங்குதான். அது இல்லாமல் பன்னிரண்டில் வகைக்கெழுச் சமன்பாட்டைத் திறந்தால் ஒரு வரிகூட ஓடாது.

● சேர்ந்தபின் தவறாகப் பட்டால் அரையாண்டு வரை மௌனமாக இருக்காதீர்கள். முதல் சில வாரங்களிலேயே தலைமையாசிரியரிடம் போய்ப் பேசுங்கள். இடம் இருந்தால் மாற்றித் தருவார்கள்.

● பெற்றோருக்கு ஒன்று. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மேத்ஸு, ஈஸியா ஒண்ணு எடுத்துக்க" என்று சொல்லாதீர்கள். மகள் கணக்கை விரும்பினால் அவள் பெயரை மேத்ஸ் குரூப்பில் எழுதச் சொல்லுங்கள்.