கரப்பானின் காரணம் காணல்

உடலைப் போர்த்துக் காக்கும் அரண் தோல் ஆகும். அவ்வரணுக்கு நேரும் பிணிகளுள் ஒன்று கரப்பான். ஆங்கில மருத்துவர் இதனை எக்சிமா என்பர். தோல் சிவந்து தடித்து அரிக்கும். சிலபோது நீர் கசியும். நாட்பட்டால் வறண்டு வெடிக்கும். இது தொற்றுநோய் அன்று. ஆதலின், இந்நோயுற்றாரைக் கண்டு விலகி நிற்றல் அறியாமையும் கொடுமையும் ஆகும்.

கரப்பான் ஒருகால் தணியும், ஒருகால் சீறியெழும். அதனைத் தூண்டும் பொருள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆயினும், அது தோன்றும் இடமே பெரும்பாலும் காரணத்தைச் சுட்டும் கைகாட்டியாகும். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிலாளர் பலர் உளர். குரோமிய உப்பைக் கையாள்வார்க்குக் கைகளில் கரப்பான் எழலாம். சிமென்டிலும் அவ்வுப்புக் கலந்திருத்தலால் கொத்தனார்க்கும் அவ்விடர் உண்டு. வலக்கையில் கத்தி பிடித்து நாள்தோறும் பூண்டு நறுக்குவார்க்கோ, பூண்டைப் பற்றும் இடக்கை விரல்நுனிகளே வெடிக்கும்.

இனி, நகரைச் சூழ்ந்த சமவெளியை நோக்குவோம். சாலையோரத்தும் தரிசிலும் வெண்ணிறச் சிறுபூக்களுடன் நிற்பது பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய இது, 1955ஆம் ஆண்டளவில் புனேயில் காணப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவியது. இதன் நுண்துகள் காற்றில் வந்து படிதலால், செடியைத் தொடாதார்க்கும் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் கரப்பான் எழுதல் உண்டு. உழவர் இதனால் பெரிதும் வருந்துவர். மாணவர்களே! பள்ளி வளாகத்தைத் தூய்மை செய்யும்போது இச்செடியை வெறுங்கையால் பிடுங்காதீர்கள்.

காரணம் காண விழைவோர் ஒரு குறிப்பேடு வைத்தல் நன்று. நோய் எந்நாள் மிகுந்தது? எவ்விடத்தில் தோன்றியது? அதற்கு முன் எப்பொருளைத் தொட்டோம்? புதிய சவர்க்காரமோ, வியர்வையோ, வறண்ட காற்றோ உடனிருந்ததா? விடுமுறையில் தணிந்து, தொழிலுக்குத் திரும்பியதும் மீண்டதா? இவற்றை நாள்தோறும் எழுதிவரின் உண்மை மெல்லப் புலப்படும்.

எனினும், ஐயம் வேறு, தெளிவு வேறு. ஐயுற்ற பொருளைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து நீக்கிப் பார்க்கும் சோதனையை 1895ஆம் ஆண்டில் யாடசோன் என்னும் மருத்துவர் உலகிற்குக் காட்டினார். அது மருத்துவரே செய்யத்தக்கது. வெறும் ஐயத்தால் பாலையும் முட்டையையும் குழந்தைகளுக்கு நிறுத்துதல் தீது; அவர்தம் வளர்ச்சி குன்றும்.

காரணம் தெரிந்தால் காப்பும் எளிதாகும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் பலருடைய தொழிலைக் காக்கும். தொழில் நிலைத்தால் குடும்பமும் நிலைக்கும்.