முகாமுக்கு முன் ஓர் இரவு

மத்தியப் பிரதேசத்தின் சாத்பூரா மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது பச்மரி. பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையம் இங்குதான் அமைந்துள்ளது. போபாலில் எட்டாம் வகுப்புப் பயிலும் மாணவன் ஒருவன், டிசம்பர் மாதம் அங்கு நடைபெறவிருந்த ஐந்து நாள் முகாமுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டான். வீட்டைப் பிரிந்து ஓர் இரவும் தங்கி அறியாதவன் அவன். மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே அவனைப் பற்றிக்கொண்டன.

புறப்படுவதற்கு மூன்று நாள்களுக்கு முன்பே, பையை நிரப்பிக்கொண்டு வருமாறு சாரண ஆசிரியர் பணித்திருந்தார். நிறுத்துப் பார்த்தபோது பை 13 கிலோ இருந்தது. மாணவனின் எடையோ 40 கிலோ.

"சுமை, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. இதைச் சுமந்துகொண்டு மைதானத்தை மூன்று முறை சுற்றி வா, தம்பி" என்றார் ஆசிரியர்.

இரண்டாம் சுற்றிலேயே தோள்கள் வலித்தன. திரும்பி வந்தவன், பாட்டி கொடுத்த தடித்த கம்பளியை முதலில் வெளியே எடுத்து வைத்தான்.

"அதை மட்டும் எடுக்காதே."

"போர்த்திக்கொள்ள வேறொன்று இருக்கிறதே, ஐயா!"

"இது போர்த்திக்கொள்ள அன்று, விரித்துப் படுக்க. குளிர்ந்த தரை இரவெல்லாம் உடலின் வெப்பத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்த்தினாலும், கீழே தடுப்பு இல்லையெனில் உறக்கம் வராது."

தலையணையும் கதைப்புத்தகங்களும் மூன்று இணை உடைகளும் வெளியேறின. முறுக்கு டப்பா தங்கியது. ஆனால் அதை முகாமின் சமையற்கூடத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். பச்மரியில் குரங்குகள் மிகுதி. தின்பண்டத்தின் மணம் கிடைத்தால் அவை கூடாரத்தையே கிழித்துவிடும்! பின்னர் ஆசிரியர் கூடாரம் அடிக்கக் கற்பித்தார். முளையின் தலை, கூடாரத்திற்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்த முளையைக் கயிறு எளிதில் பிடுங்கிவிடும்.

அன்றிரவு மொட்டை மாடியில் உறங்கிப் பார்ப்பது என்று மாணவன் முடிவு செய்தான். "பனியில் படுத்தால் சளி பிடிக்கும், கண்ணா" என்று பாட்டி தடுத்தும் அவன் கேட்கவில்லை.

நள்ளிரவு கடந்து விழிப்பு வந்தது. விரிப்பிலிருந்து உருண்டு வெறுந்தரையில் கிடந்தான், முதுகு சில்லிட்டது. எங்கும் இருள். கைவிளக்கோ பையின் அடியில் இருந்தது. ஒவ்வொன்றாக வெளியே இழுத்து அதைத் தேடுவதற்குள் காலுறைகள் பனியில் நனைந்தன. பத்துப் படிகள் இறங்கினால் வீடு. கதவும் திறந்தே இருந்தது. அவன் சிறிது நேரம் படிகளையே பார்த்தவாறு இருந்தான். பிறகு கம்பளியை இரண்டாக மடித்து விரித்து, மீண்டும் படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் பையைப் புதிதாக அடுக்கினான். கைவிளக்கு பக்கப்பையில் ஏறியது. காலுறைகள் நெகிழி உறைக்குள் சென்றன. எடை 8 கிலோ. பையுடன் கீழே இறங்கியபோது, மாடிப்படியின் அடியில் பாய் விரித்துப் பாட்டி உறங்கிக்கொண்டிருந்தார்.

சொற்பொருள்
ஒருங்கே – ஒரே நேரத்தில்
பணித்தல் – கட்டளையிடுதல்
முளை – கயிறு கட்டத் தரையில் அடிக்கும் கட்டை

விடை எழுதுக
1. ஆசிரியர் கம்பளியை எடுக்க வேண்டாம் என்றது ஏன்?
2. மாடியில் கழித்த இரவுக்குப் பின் மாணவன் பையில் செய்த மாற்றங்கள் யாவை?
3. பாட்டி மாடிப்படியின் அடியில் உறங்கியது ஏன்? உம் கருத்தை எழுதுக.