இரும்புக் கசடு எங்கே?

அன்புள்ள தம்பிக்கு,

யேமனில் கிடைத்த கல்வெட்டு, மார்மன் திருச்சபையின் புனித நூலான மார்மன் நூலை மெய்ப்பித்துவிட்டதாமே என்று உன் கட்டுரைக்காகக் கேட்டிருந்தாய். வரலாறு படிக்கிற பிள்ளை ஒரே ஒரு கல்லைப் பார்த்ததும் இப்படிக் கேட்கலாமா என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் இந்தக் கேள்வியைப் பெரியவர்களும் கேட்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

எருசலேமிலிருந்து புறப்பட்ட லேகியின் குடும்பம் அரபு நாட்டில் நாகோம் என்ற இடத்தில் ஒருவரை அடக்கம் செய்ததாக அந்நூல் சொல்கிறது. யேமனின் மாரிப் அருகே பரான் கோயிலில் ஜெர்மானியர் அகழ்ந்தெடுத்த பலிபீடத்தில் ந, ஹ, ம என்ற மெய்களாலான குலப்பெயர் இருக்கிறது. காலமும் ஏறத்தாழ ஒத்துவருகிறது. இதைக் கேலி செய்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் கார்ஸ்டன் நீபூர் என்ற பயணி வரைந்த யேமன் வரைபடத்திலேயே அந்தப் பெயரில் ஒரு வட்டாரம் உண்டு. மார்மன் திருச்சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் அந்நூலை வெளியிட்டதோ 1830இல். தவிர, நாகோம் அந்தக் கதையில் ஒரு வழித்தங்கல் மட்டுமே. நூலின் பெரும்பகுதி அமெரிக்காவில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் நடக்கிறது. அங்கே நகரங்கள் எழுகின்றன, கோதுமை விளைகிறது, குதிரை பூட்டிய தேர்கள் ஓடுகின்றன, எஃகு வாள்கள் மோதுகின்றன. கி.பி. 385 வாக்கில் கூமோரா மலையருகே நடந்த கடைசிப் போரில் ஒரு தரப்பில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிகிறார்கள். சோதிக்க வேண்டியது இந்த ஆயிரம் ஆண்டைத்தான்.

ஒரு பழங்கதையை மண்ணில் அப்படிச் சோதித்த, என் மனத்துக்கு மிகப் பிடித்த அகழாய்வு ஒன்று உண்டு. வைக்கிங்குகள் கடலைக் கடந்து மேற்கே போய் விண்லாந்து என்ற நாட்டைக் கண்டதாக ஐஸ்லாந்தின் பழங்கதைகள் சொல்லிவந்தன. 1960இல் நார்வேக்காரர் ஹெல்கே இங்ஸ்டாட் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவின் வடமுனைக்குப் போனார். உள்ளூர் மீனவர் ஒருவர் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் புல் மூடிய மேடுகளைக் காட்டினார். அகழாய்வை நடத்தியவர் அவர் மனைவி ஆன் ஸ்டைன். கிடைத்தவை எவை தெரியுமா? எட்டுக் கட்டடங்களின் அடித்தளம், மேலாடையைக் குத்தும் வெண்கல ஊசி, நூற்புக் கதிரின் மாக்கல் வட்டு, படகு ஆணிகள். அந்த அட்சரேகையில் விளையாத ஒருவகைக் காட்டு வாதுமைக் கொட்டையும் கிடைத்தது. வந்தவர்கள் இன்னும் தெற்கே போய்த் திரும்பியிருக்கிறார்கள் என்று அதிலிருந்து தெரிந்தது. இரும்பு உருக்கிய உலையும் கசடும் கூடக் கிடைத்தன. சதுப்பு நிலத்துத் தாதுவிலிருந்து அவர்கள் எடுத்த இரும்பு சில கிலோதான் தேறும். அங்கே வெட்டப்பட்ட மரங்களின் வளையங்களைக் கொண்டு, அவை வெட்டப்பட்ட ஆண்டு 1021 என்றே 2021இல் கணித்துவிட்டார்கள்! கொஞ்சம் பேர், கொஞ்ச காலம் தங்கிய முகாம் அது. ஆணியடித்த கைகளைக்கூட மண் மறக்கவில்லை.

இப்போது மார்மன் நூலின் உலகத்துக்கு வா. எஃகு செய்தால் உலை வேண்டும், கரி வேண்டும், கசடு மலையாகக் குவியும். கொலம்பசுக்கு முன் அமெரிக்கப் பெருநிலத்து மக்கள் இரும்பை உருக்கியதற்குத் தடயமே இல்லை. அமெரிக்கக் குதிரையினம் பனியூழியின் இறுதியிலேயே அழிந்தது. மீண்டும் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர். கோதுமையின் மகரந்தமும் அக்கால மண்ணில் இல்லை. மார்மன் மானுடவியலாளர் சோரன்சன் 1985இல் எழுதிய நூலில், கதைக்களம் மெக்சிகோவின் தெற்கில் ஒரு சிறு பகுதிதான் என்றார். கூர்மையான முயற்சி, படித்துப் பார். ஆனால் களம் எவ்வளவு சுருங்கினாலும் உலை உலைதான். குதிரை என்பது தபீர் விலங்காக இருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. அப்படி ஒவ்வொன்றையும் வேறொன்றாக்கினால் அகழாய்வுக்கு அங்கே வேலையே இல்லை.

பயணி ஸ்டீஃபன்ஸின் மத்திய அமெரிக்கப் பயண நூலை, அதிலுள்ள கேதர்வுட்டின் ஓவியங்களுக்காகவே பலமுறை புரட்டியிருக்கிறேன். 1841இல் அது வந்ததும், அதில் வரும் மாயா இடிபாடுகள் தங்கள் நூலின் நகரங்களே என்று அன்றைய மார்மன் நகரான நாவூவில் வெளிவந்த மார்மன் பத்திரிகை மகிழ்ந்து எழுதியது. ஆனால் மாயா எழுத்து படிக்கப்பட்ட பின் கேட்டவை மாயா மன்னர்களின் சொந்தக் கதைகள். அந்த மக்களின் உழைப்பை எருசலேமிலிருந்து வந்தவர்கள் கணக்கில் எழுதுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

தாமஸ் ஸ்டூவர்ட் ஃபெர்குசனை நீ மரியாதையோடு படிக்க வேண்டும். வழக்கறிஞரான அவர், சான்று கிடைக்கும் என்ற முழு நம்பிக்கையோடு 1952இல் ஒரு தொல்லியல் நிறுவனத்தைத் தொடங்கினார். மார்மன் திருச்சபையின் பணத்தில் மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியில் அகழாய்வுகள் நடந்தன. அவர்கள் தோண்டிய முறை நேர்மையானது. அங்குள்ள சியாபா டி கோர்சோ என்ற தொல்லியல் தளம் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர்கள் தந்தது. தேடியதோ கிடைக்கவில்லை. 1975இல் ஃபெர்குசனே நூலின் நிலவியலை மண்ணோடு பொருத்த முடியவில்லை என்று எழுதிவிட்டார்.

நம்பிக்கையாளரின் வழிபாட்டில் நமக்கு வேலையில்லை; அதை உன் கட்டுரைக்குள் இழுக்காதே. இன்னொன்று: அரிசோனாவின் பழைய ஹோஹோகாம் மக்களின் குடியிருப்புகளில் பயிரிட்ட பார்லி கிடைத்ததைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அது அமெரிக்க மண்ணுக்கே உரிய சிறுபார்லி இனம், மேற்காசியாவிலிருந்து வந்ததல்ல. இந்தப் பார்லி விவரத்தையும் சேர்த்து, கட்டுரையைத் திருத்தி, தீபாவளிக்குள் அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்