கையை அடக்கு, பேனையை எடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ சிலாபத்துக் கராஜில் வேலை பழகிய காலம் வேறு. 2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட வருடங்களில், இருந்த வெசலையும் வேகன் ஆரையும் எப்படியாவது ஓட வைப்பதே நம் தொழிலாக இருந்தது. ஒட்டோ கியர்பொக்ஸ் போனால் கழற்றுவாய், பிரிப்பாய், பழைய பெட்டி ஒன்றைத் தேடிப் பூட்டுவாய். அது நல்ல கைப்பழக்கம்தான். ஆனால் உத்தரவாதம் முடியாத கார் வரும்போது அதே பழக்கம் வில்லங்கமாகிவிடும்.

உத்தரவாதக் காலத்தில் திறக்காத கியர்பொக்ஸ்தான் உரிமையாளரின் சாட்சி. நீ ஒரு போல்ட்டைக் கழற்றினாலும், "வெளியில் கை வைத்துவிட்டார்கள்" என்று கைவிரிக்க உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு வழி கிடைக்கும். ஆகவே முதலில் எழுது. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, சூடேறிய பிறகு உதறுகிறதா, காலையிலேயே உதறுகிறதா, எங்கே வழுக்குகிறது, ஸ்கேனரில் என்ன பிழைக் குறியீடு என்று எல்லாவற்றையும் திகதி போட்டு எழுது. குறியீட்டைப் படம் எடு, அழிக்காதே. முன்பு எங்கே, எந்த ஒயில் மாற்றினார்கள் என்று பில்லைக் கேட்டுப் பார். சிவிடி பெட்டிக்குச் சாதாரண கியர் ஒயில் ஊற்றியிருந்தால் உத்தரவாதக் கோரிக்கை அங்கேயே விழுந்துவிடும்.

தெதுரு ஓயா பெருகி நம் பக்கம் கார்கள் வெள்ளத்தில் நிற்பதுண்டு. கியர்பொக்ஸின் மூச்சுக் குழாய் வழியாக நீர் புகுந்தால் ஒயில் பால் கலந்ததுபோல் வெளிறிவிடும். அது பெரும்பாலும் உத்தரவாதத்தில் அடங்காது; காப்புறுதி நிறுவனத்திடம் போகவேண்டியது. இரக்கப்பட்டு அதை மறைத்து எழுதாதே.

மறுபக்கமும் உண்டு. பவர்ஷிப்ட் கியர்பொக்ஸ் பற்றிய முறைப்பாடுகளைக் கையாண்ட விதத்துக்காக 2018இல் அவுஸ்திரேலிய பெடரல் நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதித்தது. பல கார்களில் அதே கோளாறு இருப்பது தெரிந்தும், "நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்" என்று சிலரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சோதித்துப் பார்க்காமல் அந்த வசனத்தை நீயும் சொல்லாதே.

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் என்றால், விற்றவர் எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தைப் பார். அதை அவர் மதிக்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். காலவரம்பு உண்டு, தள்ளிப்போட வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்.

உத்தரவாதத்தில் புதுப் பெட்டி கிடைத்துவிட்டால் உரிமையாளரை மூன்றைக் கேட்கச் சொல்: கியர் ஒயில் கூலரைக் கழுவினார்களா அல்லது மாற்றினார்களா, கம்ப்யூட்டரைப் புதுப் பெட்டிக்கு ஏற்பப் பழக்கினார்களா, புதுப் பெட்டிக்கு உத்தரவாதம் எதுவரை. பழைய பெட்டியின் உலோகத் துகள் கூலரில் தங்கியிருந்தால் புதியதும் சீக்கிரம் போய்விடும்.

கோரிக்கையை எழுத்தில் மறுத்துவிட்டார்கள் என்றால், அதன்பிறகு தாராளமாகத் திற. அதுவரை நீ செய்தது சோதனையும் குறிப்பும்தான்; ஆனால் அதுவும் வேலை. பிரதி ஒன்றை உரிமையாளரிடம் கொடுத்து, அதற்குரிய கூலியைக் கூசாமல் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்