அகதி மகளிரும் புகையில்லா அடுப்பும்: கேரளம் தரும் பாடம்

சமையலறைப் புகையைப் பெண்களின் தலைவிதி என்று கருதிய காலம் நீண்டது. அது ஒரு சுகாதாரப் பிரச்சினை என்ற உணர்வு அறிவியல் உலகிலேயே பிற்காலத்தில்தான் தோன்றிற்று. விறகு, சாண வறட்டி, ஓலை, மட்டை ஆகியவை முற்றிலும் எரிவதில்லை. எரியாமல் எஞ்சுபவை கார்பன் மோனாக்சைடாகவும், பென்சீன் போன்ற நச்சுப் பொருள்களாகவும், நுரையீரலின் அடி வரை செல்லக்கூடிய நுண்துகள்களாகவும் வெளிப்படுகின்றன. வீட்டினுள் உண்டாகும் இத்தகைய புகையால் உலகில் ஆண்டுக்கு 32 லட்சம் பேர் மாண்டனர் என்பது 2020-ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் செய்த மதிப்பீடு. இவர்களுள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

சொந்த மண்ணையும் வீட்டையும் இழந்து, பத்தடிக்குப் பத்தடி அறையில் வாழ நேர்ந்த அகதிப் பெண்களுக்கு இக்கேடு பன்மடங்காகிறது. அவர்களுக்கு அடுப்பு வழங்கும் திட்டங்கள் பல நாடுகளில் வகுக்கப்பட்டுள்ளன. வழங்கிய அடுப்பு எத்தனை காலம் எரிகிறது என்பதே அத்திட்டங்களின் உரைகல். இதில் கேரளத்தின் அனுபவம் ஆராயத்தக்கது.

பரிஷத் அடுப்பு

மழை மிகுந்த கேரளத்தில் ஆண்டின் பாதி நாள்களில் விறகு ஈரமாகவே கிடைக்கும். தென்னை மட்டையும் சிரட்டையும் கைகொடுத்தாலும் புகைக்குக் குறைவில்லை. 1962-ல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம் 1980-களில் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தது. ‘பரிஷத் அடுப்பு’ என்று அது பெயர் பெற்றது. விறகு ஒரு கம்பித் தட்டின்மேல் எரிகிறது. சாம்பல் கீழே விழுகிறது. அடியிலிருந்து காற்று புகுந்து எரிதலை முழுமையாக்குகிறது. முதற் பாத்திரத்தைச் சூடாக்கிய அனற்காற்று வீணாகாமல் அடுத்த பாத்திரத்தின் கீழ்ச் சென்று, பின்னரே புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. விறகும் மிச்சம், கண்ணெரிச்சலும் இல்லை.

இதன் அமைப்பில் மந்திரம் ஏதுமில்லை. ஆனால் காற்று புகும் வாயின் அளவோ, பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் உள்ள இடைவெளியோ சிறிது மாறினாலும் பயன் கெட்டுவிடும். ஆகவே இதைக் கட்டுவதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் தேவைப்பட்டனர். புகைபோக்கியில் படியும் கரியை அவ்வப்போது அகற்றும் முறையை வீட்டுப் பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருந்தது. 1986-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்ட ‘அனெர்ட்’ என்ற மாநில முகமை, மரபுசாரா எரிசக்தியோடு கிராமியத் தொழில்நுட்பத்தையும் தன் பொறுப்பில் ஏற்றது. அடுப்பு அரசுத் துறை ஒன்றின் அலுவலாக மாறியது சிறு செய்தி அன்று.

தேசிய அளவில் நடந்தது வேறு. 1983-84-ல் தொடங்கி 2002 வரை நடைபெற்ற மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தின் கீழ் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் அமைக்கப்பட்டன. எனினும் பல ஊர்களில் அவை சில ஆண்டுகளுக்குள்ளேயே இடிந்தன. அல்லது புகைபோக்கி அடைபட்டுக் கைவிடப்பட்டன. எத்தனை அடுப்புகள் கட்டப்பட்டன என்ற கணக்கு ஒழுங்காக இருந்தது. எத்தனை எரிகின்றன என்று கேட்போர் குறைவு. பழுது நீக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாத இடத்தில் நல்ல அடுப்பும் நீடிப்பதில்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை.

சூடாறாப் பெட்டி

பரிஷத் பரப்பிய மற்றொரு சாதனம் இதனினும் எளியது. மலையாளத்தில் ‘சூடாறாப்பெட்டி’ எனப்படும் அது, வைக்கோலோ தெர்மோகோலோ திணித்த ஒரு பெட்டிதான். கேரளத்தில் பெரிதும் உண்ணப்படும் சிவந்த புழுங்கலரிசி வேக நெடுநேரம் ஆகும். அரிசியைச் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டு, மூடியோடு பெட்டிக்குள் வைத்து அடைத்துவிட்டால், தேங்கிய வெப்பத்திலேயே அது வெந்துவிடுகிறது. அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை; புகையும் இல்லை; குழந்தை தீயருகே செல்லும் அபாயமும் இல்லை. ஒரு மரப்பெட்டியும் பழந்துணியும் கிடைத்தால் எவரும் செய்துகொள்ளலாம். அகதி முகாம்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவியைக் காண்பது கடினம். ஆயினும் முகாம்களைப் பற்றிய திட்டங்களில் இதற்கு உரிய இடம் கிடைத்ததில்லை.

தாயகம் திரும்பியோரும் அகதிகளும்

இலங்கைத் தமிழரைப் பொறுத்தவரை இரு பிரிவினரை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி வந்தவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். இவர்கள் இந்தியக் குடிமக்களாக ஏற்கப்பட்டுத் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டனர். திருவனந்தபுரத்துக்கு வடக்கே கொல்லம் மாவட்டத்துப் புனலூரில் இவர்களுக்கென ரப்பர்த் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன; 1976-ல் அவற்றை நிர்வகிக்க மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அமைந்தது. இவர்கள் தொழிலும் குடியிருப்பும் பெற்றனர். அடுப்பு பழுதானால் சீர்செய்துகொள்ளக் கூலியும் கையில் இருந்தது.

1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் கடல் கடந்து வந்தோரின் நிலை வேறு. தமிழ்நாட்டில் 2021-ல் 29 மாவட்டங்களில் 108 முகாம்கள் இருந்தன. 58 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவற்றில் வாழ்ந்தனர். விறகும் மண்ணெண்ணெயுமே இவர்களின் பழைய எரிபொருள்கள். ஒரே அறை படுக்கையாகவும் அடுக்களையாகவும் இருக்கும்போது, புகையிலிருந்து பாலூட்டும் தாய்க்கும் படிக்கும் பிள்ளைக்கும் தப்ப வழியில்லை. மண்ணெண்ணெய் அடுப்போ தீ விபத்துக்கு இடமளிப்பது.

2021 ஆகஸ்ட் 27 அன்று தமிழக அரசு சட்டமன்றத்தில் ரூ. 317.40 கோடி மதிப்பிலான திட்டத்தை அறிவித்தது. 7,469 புதிய வீடுகள், இலவச எரிவாயு இணைப்பு, அடுப்பு ஆகியவை அதில் அடங்கும். முகாம்கள் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்’ என்று பெயர் மாற்றம் பெற்றன. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஐந்து உருளைகளுக்குத் தலா ரூ. 400 மானியம் என்பதும் அறிவிப்பில் இருந்தது.

இதன் பொருளாதாரத்தைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். அதே அறிவிப்பின்படி மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு ரூ. 1,500, பிற பெரியோருக்கு ரூ. 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரூ. 500. கணவன், மனைவி, இரு சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் உதவித்தொகையாகப் பெறுவது ரூ. 3,500. அவ்வாண்டு இறுதியில் ஓர் உருளையின் விலை ரூ. 900-ஐத் தாண்டியிருந்தது. மானியம் போக ரூ. 500-க்கு மேல் கைப்பணம் தேவை. அது மாத உதவியில் ஏழில் ஒரு பங்கு. முற்றிலும் எரிவாயுவிலேயே சமைக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏழெட்டு உருளைகள் வேண்டும். ஐந்துக்கு மேற்பட்டவற்றுக்கு முழு விலை. அக்குறையை ஈடுசெய்ய விறகடுப்பு மீண்டும் மூட்டப்பட்டால் புகையும் மீண்டும் வரும். சூடாறாப் பெட்டியால் சோறு, பருப்பு ஆகியவற்றுக்கான எரிவாயு மிஞ்சினால் ஓர் உருளை மேலும் சில நாள் வரும். அந்தச் சில நாள்கள்தாம் இங்கு முக்கியம்.

விறகு தேடும் வழியில்

அடுப்புப் பிரச்சினை அறைக்குள் மட்டும் இருப்பதன்று. சூடான் நாட்டின் டார்ஃபூர் பகுதியில் 2004 அக்டோபரிலிருந்து 2005 பிப்ரவரி வரை வன்புணர்ச்சிக்கு ஆளான ஏறத்தாழ 500 பெண்களுக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சிகிச்சை அளித்தது. அவர்களுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் விறகு பொறுக்குதல், தண்ணீர் எடுத்தல், வயல்வேலை போன்ற அன்றாட அலுவலாகச் சென்றபோதே தாக்கப்பட்டனர். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் 2017-ல் குடியேறிய ஏழு லட்சம் ரோஹிங்கியா மக்கள் அருகிலிருந்த காட்டையே நம்பியிருந்தனர், மலைச்சரிவுகள் மொட்டையாயின, யானைகளால் உயிரிழந்தோரும் உண்டு. 2018 ஆகஸ்டில் அங்கே எரிவாயு வழங்கத் தொடங்கியபின் காட்டுக்குள் செல்ல வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது. ஆகவே எரிபொருள் என்பது உடல்நலத்தோடு மானத்துக்கும் உயிருக்கும் காவலாகிறது.

பயிற்சியின் உள்ளடக்கம்

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். தரையிலேயே பாய் விரித்துப் படுக்கும் அறையில் இதன் பொருள் விளங்கும். உருளையை நிமிர்த்தி வைத்தல், அடுப்பை அதைவிட உயர்ந்த மேடையில் அமைத்தல், இரவில் ரெகுலேட்டரை மூடுதல், ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல், கசிவு மணத்தால் மின்விசையைத் தொடாமல் கதவைத் திறத்தல், 1906 என்ற அவசர எண்ணை அழைத்தல் ஆகியவை முதற்பாடம். உருளையின் மேல்வளையத்தில் உள்ள குறியீட்டையும் படிக்கப் பழக்க வேண்டும். ஏ, பி, சி, டி என்பன ஆண்டின் நான்கு காலாண்டுகள். ‘பி 27’ என்றால் 2027 ஜூனுக்குள் அவ்வுருளை மறுசோதனைக்கு உரியது. காலங்கடந்த உருளையை ஏற்க மறுக்கும் பெண், உருளை கொண்டுவருபவருக்குப் பணிந்து நிற்க வேண்டியதில்லை.

இதற்கு அடுத்த படி முகாமிலேயே சில பெண்களைப் பழுது நீக்குவோராக உருவாக்குவது. 1984-ல் எஸ். சி. சந்திரகாசன் முன்னின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பெண்களைத் தன்னுதவிக் குழுக்களாகத் திரட்டிய அனுபவம் உடையது. அத்தகைய குழு மாதந்தோறும் சிறுதொகை சேர்த்தால், ஆறாவது உருளைக்கான முழு விலை ஒரு குடும்பத்தின் தலையில் ஒரே நாளில் விழாது. உருளை எப்போது வாங்குவது என்பதைக் கணவரே தீர்மானிக்கும் வீட்டில் அடுப்பு பெண்ணின் பெயரில் இருப்பது மட்டும் போதாது. சேமிப்பும் அவள் கையில் இருத்தல் வேண்டும்.

திருவனந்தபுரத்தில் 1994-ல் தொடங்கப்பட்ட பயோடெக் நிறுவனம், வீட்டு உணவுக் கழிவிலிருந்து எரிவாயு பெறும் சிறு கலன்களைப் பரப்பி 2007-ல் ஆஷ்டன் விருது பெற்றது. நகர வீடுகளுக்கு அது ஏற்றது. ஆனால் பங்கீட்டு அரிசியில் வாழும் குடும்பத்தில் கழிவு என்பதே அரிது. முகாமின் பொதுச் சமையற்கூடத்துக்கு, அப்படி ஒன்று இருக்குமாயின், ஆராயலாம்.

பயன்களை மிகைப்படுத்துவதும் தவறு. தமிழ்நாடு உட்பட நான்கு நாடுகளின் ஊர்களில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-ல் வெளிவந்தது. எரிவாயு பெற்றோர் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராம். விறகில் சமைத்தோருக்கு 70-க்கு மேல். இருப்பினும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவுற்றபின் அடுப்பை மாற்றுவது காலங்கடந்த மாற்றமாக இருக்கலாம். தாயின் உணவும் காரணமாகலாம். எவ்வாறாயினும், முகாமில் உள்ள இளம்பெண்கள் மணமாகும் முன்னரே இப்பயிற்சியில் சேர்க்கப்படுதல் நலம். அடுப்பு வழங்கும் பதிவேட்டில் மாதந்தோறும் வாங்கப்பட்ட உருளைகளின் எண்ணிக்கைக்கும், பழுது நீக்கிய பெண்ணின் கையொப்பத்துக்கும் இரு கட்டங்கள் சேர்க்கப்படுமாயின், அடுப்பு எரிகிறதா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்தே அறிந்துகொள்ள இயலும்.