பயம் குறைந்தால் பாதி பாரம் குறையும்

பிரசவ வேளையில் மன அமைதி: கணவன் மனைவி இருவருக்கும் ஒரு பாடம்



ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் தங்கள் பிரசவக் கதையைச் சொல்கிறார்கள். "ரெண்டு நாள் வலிச்சுது", "செத்துப் பிழைச்சேன்" என்கிறார்கள். கேட்ட பெண்ணுக்கு ராத்திரி தூக்கம் இல்லை. "ஏன் புள்ள, தூங்கலையா?" என்று கணவன் கேட்டால், "ஒண்ணுமில்லைங்க" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். உங்கள் வீட்டிலும் இப்படித்தானா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்காகவே.

பயம் உடம்பை என்ன செய்கிறது?

நாய் துரத்தினால் உடம்பு தானாக விறைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. பிரசவ வலியின்போது பயந்தாலும் இதேதான் நடக்கும். கர்ப்பப்பை சுருங்கி விரிய உதவும் சுரப்பு நீர் தாய் நிம்மதியாக இருக்கும்போது நன்றாகச் சுரக்கும். பயம் மிகுந்தால் அது தடைப்படலாம். வலியும் கூடுதலாகத் தெரியும்.

இங்கிலாந்து நாட்டு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1942-ல் வெளியிட்ட நூலில் இதை ஒரு சங்கிலியாக விளக்கினார். பயத்தால் இறுக்கம், இறுக்கத்தால் வலி, வலியால் மறுபடியும் பயம். இந்தச் சங்கிலியை ஓர் இடத்தில் அறுத்தால் போதும். பிற்பாடு அமெரிக்காவில் மேரி மோங்கன் என்ற பெண்மணி இதை ஒட்டி 'ஹிப்னோபர்த்திங்' என்ற பயிற்சி முறையை அமைத்தார். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். இது மாயமும் அல்ல, மயக்கமும் அல்ல. தாய் முழு நினைவோடுதான் இருப்பாள்.

நடவு வயலில் பாட்டுப் பாடினால் நாற்றுக் கட்டு குறைவதில்லை. ஆனால் இடுப்பு நோவு மறந்து போகிறது. இதுவும் அப்படித்தான். வலியே இருக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வலியைத் தாங்கும் தெம்பு கிடைக்கும்.

தினமும் பத்து நிமிடம்

ஏழாம் மாதம் முதலே இருவரும் சேர்ந்து பழகுங்கள்.

1. மூச்சு: இடது பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள், அல்லது சுவரில் சாய்ந்து உட்காருங்கள். மூக்கு வழியே நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள். ஆறு அல்லது எட்டு எண்ணும்வரை வாய் வழியே மெல்ல விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். வேகவேகமாக விட்டால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும்.

2. தளர்த்துதல்: நெற்றி, தாடை, தோள், கை, தொடை என்று ஒவ்வொன்றாகத் தளர விடுங்கள். பல்லைக் கடிக்காதீர்கள், முஷ்டியை மடக்காதீர்கள்.

3. மனக்காட்சி: உங்களுக்குப் பிடித்த இடத்தை நினையுங்கள். வேப்பமர நிழலோ, அம்மா வீட்டுத் திண்ணையோ, எதுவானாலும் சரி.

4. தொடுகை: கணவர் தோளில் கை வைத்து, "விடு, மெதுவா விடு" என்று தாழ்ந்த குரலில் சொல்லட்டும். பழகிவிட்டால் அந்தக் கை பட்டதுமே உடம்பு தளரும்.

பிரசவ அறைக்குள் கணவரை விடாத இடங்கள் உண்டு. அரசு மருத்துவமனைகளில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் முறை இருக்கிறது. ஆகவே உடன் வரப்போகும் அம்மாவுக்கோ, அத்தைக்கோ, அக்காவுக்கோ இதை இப்போதே கற்றுக்கொடுங்கள்.

எந்தப் பிரசவத்தில் எப்படி?

சுகப்பிரசவம்: வலி அலைபோல வரும், உச்சிக்குப் போகும், இறங்கும். நன்றாக வலி கண்ட பிறகு ஓர் அலை பெரும்பாலும் ஒரு நிமிட அளவுதான். அந்த ஒரு நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு போதும். அடுத்த அலை வரும்வரை உடம்பைத் தளரவிட்டு ஓய்வெடுங்கள். தலை வெளிவரும்போது நர்ஸ் "முக்காதே" என்றால் விளக்கை ஊதி அணைப்பதுபோல 'பூ, பூ' என்று ஊதுங்கள்.

வலி வர மருந்து கொடுத்தால்: சொட்டு மருந்து ஏற்றும்போது வலி சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரலாம். முதல் வலியிலிருந்தே மூச்சுப் பயிற்சியைத் தொடங்குங்கள். வலி குறைக்க ஊசி வேண்டுமென்றால் கேளுங்கள், அதில் வெட்கமில்லை.

ஆயுதம் வைத்து எடுத்தால்: டாக்டர் "முக்கு" என்னும்போது முக்குங்கள், "நிறுத்து" என்னும்போது நிறுத்துங்கள். இடையில் தொடையைத் தளர விடுங்கள்.

சிசேரியன்: பெரும்பாலும் முதுகில் ஊசி போடுவார்கள், தாய் விழித்திருப்பாள். ஊசி போடும்போது முதுகை வளைத்து, தோளைத் தொங்கவிட்டு, மூச்சை நீளமாக விடுங்கள். அறுவையின்போது இழுப்பதுபோலத் தெரியும். கூர்மையான வலி இருக்கக் கூடாது. இருந்தால் உடனே சொல்லுங்கள். கண்ணை மூடி அதே மூச்சு, அதே திண்ணை.

"அவ எங்கே பெத்தா, டாக்டர்தானே எடுத்தாரு!" என்று சிலர் பேசுவதுண்டு. இந்தப் பேச்சு தாயின் மனதைப் புண்படுத்தும். வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால், கணவரே, நீங்கள்தான் மறுத்துப் பேச வேண்டும். சேயும் தாயும் நலமாக வீடு திரும்புவதே நல்ல பிரசவம். எந்த வகைப் பிரசவமானாலும் தாயும் சேயும் நலமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள்.

அமைதி வேறு, அசட்டை வேறு

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

• இரத்தப்போக்கு
• பனிக்குடம் உடைதல், முக்கியமாக நீர் பச்சையாக இருந்தால்
• குழந்தையின் அசைவு குறைதல்
• கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு
• காய்ச்சல்
• மாதம் நிறையுமுன் வலி

பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். மூச்சும் தளர்ச்சியும் மருத்துவத்துக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

இன்றிரவே தொடங்குங்கள்

விளக்கை அணைத்த பிறகு, "உனக்கு எதை நினைச்சா பயமா இருக்கு?" என்று கணவர் கேட்கட்டும். மனைவி "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லாமல் உள்ளதைச் சொல்லட்டும். பதில் தெரியாததைக் குறித்து வைத்து, அடுத்த பரிசோதனை நாளில் கிராம சுகாதார செவிலியரிடம் இருவரும் சேர்ந்தே கேளுங்கள். பிறகு பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி.

கணவன் துணை, மூச்சு துணை, மருத்துவமனை துணை!