கேரீத் ஆறு வற்றியபோது

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து மாமா எழுதுவது.

சென்னையில் நான்கு வருஷமாகப் பத்திரிகைப் பக்கங்களை வடிவமைத்துவந்த உன் வேலை போய்விட்டது என்று உன் அம்மா ஆலய வாசலில் வைத்துச் சொன்னாள். சொல்லும்போது அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தத் தாழ்ந்த குரல் மூன்று நாளாக என் காதிலேயே இருக்கிறது. வேலை கிடைத்தால் சபையில் எழுந்து சாட்சி சொல்கிறோம், வேலை போனால் ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறோம். உன்னைப்போல் பெட்டியோடு ஊர் திரும்பிய பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உன் பெயரைச் சொல்லாமல் இதை எழுதுகிறேன்.

எனக்கும் இது நடந்தது. ஒரு அச்சகத்தில் பதினெட்டு வருஷம் கம்போசிட்டராக இருந்தேன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேஸிலிருந்து பொறுக்கி, ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்குகிற வேலை. கண்ணை மூடிக்கொண்டாலும் எந்த அறையில் எந்த எழுத்து என்று கை அறியும். 1992-ல் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. ஒரு சனிக்கிழமை கணக்கு முடித்துக் கவரைக் கையில் கொடுத்தார்கள். அடுத்த வாரம் எழுத்துகளையெல்லாம் சாக்கில் கொட்டி எடைக்குப் போட்டார்கள். தெருவில் நின்று தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் உனக்கு முதலில் சொல்வது இதுதான்: நன்றாகச் சாப்பிடு, தூங்கு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் விழுந்து, இனி வாழ வேண்டாம் என்று சொன்னபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து எழுப்பினான். அவன் தின்று மறுபடியும் படுத்தான். தூதன் இரண்டாம் முறை வந்ததும் சாப்பிடச் சொல்லத்தான். பேச வேண்டியதை ஆண்டவர் பிறகு ஓரேப் மலையில் பேசினார். உன்னைப் பார்க்க வருகிறவர்கள் முதல் நாளே வசனம் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்வார்கள். கேட்டுக்கொள். உனக்கு அழுகை வந்தால் அழு. அவிசுவாசம் என்று யாரும் சொன்னால் மனதில் ஏற்றாதே.

இரண்டாவது காரியம், இராத்திரியில் வருகிற கேள்வி. நான் என்ன தப்பு செய்தேன்? முதல் சம்பளத்தை அப்படியே காணிக்கையாகக் கொடுத்தேனே, ஏன் இப்படி? இந்தக் கேள்வியோடு நானும் பல இராத்திரி விழித்திருக்கிறேன். அப்போது என்னைப் பிடித்து நிறுத்தியது கேரீத் ஆறு. எலியா அங்கே தன் இஷ்டத்துக்குப் போகவில்லை. ஆண்டவர் போகச் சொன்ன இடம் அது. காகங்கள் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. அப்படிப்பட்ட ஆறும் வற்றிப்போயிற்று. வேதம் அதற்குச் சொல்கிற காரணம் ஒன்றுதான்: தேசத்தில் மழை இல்லை. எலியா ஜெபத்தில் குறைந்துபோனான் என்று அங்கே எழுதியில்லை. உன் பத்திரிகையில் விளம்பர வருமானம் குறைந்தது, பக்கங்கள் குறைந்தன, ஆட்களைக் குறைத்தார்கள். அதுதான் உன் தேசத்தில் இல்லாமல் போன மழை. அதை உன் ஆத்துமாவின் பேரில் எழுதிய தீர்ப்பாக வாசிக்காதே.

ஆறு வற்றிய பிறகு ஆண்டவர் எலியாவை எங்கே அனுப்பினார் என்று பார். பணக்காரன் வீட்டுக்கு அனுப்பவில்லை. சாறிபாத்தில் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும் மட்டும் வைத்திருந்த விதவையிடம் அனுப்பினார். தீர்க்கதரிசி அவளிடம் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு ஆச்சி இட்லி அவித்து விற்பார்கள். விஷயம் தெரிந்ததும் தினமும் காலையில் ஒரு தூக்குவாளி வீட்டுக்கு வந்தது. நான்காம் நாள் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் ஆச்சி, எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்றேன். நான் சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவன். ஆச்சி சொன்னார்கள்: "ஞாயித்துக்கெழம நீ பைய நீட்டுதப்போ நான் போடுத ஒத்த ரூவாய வாங்கிக்கிட்டேல்லா? இப்ப நான் நீட்டுதேன். வாங்கு."

வாங்கினேன். கொடுக்க மட்டும் தெரிந்திருந்த எனக்கு அன்றுதான் வாங்கவும் தெரிந்தது. உனக்கு யாராவது கை நீட்டினால் தட்டாதே. பழைய சகாக்களிடம் வேலை வேண்டும் என்று வாய்விட்டுக் கேள்.

புது வருஷ ஆராதனையில் நீ எடுத்த வாக்குத்தத்த அட்டையை அம்மா இன்னும் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறாள். எரேமியா 29-ம் அதிகாரத்தின் பதினோராம் வசனம். உன்னைக் குறித்த ஆண்டவருடைய நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று அட்டையில் இருக்கிறது, வேலை போய்விட்டதே என்று அவள் கேட்கிறாள். அந்த வசனம் ஒரு கடிதத்தில் வருவது, மகளே. வீட்டையும் ஊரையும் இழந்து பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதியது. அதே கடிதத்தில், இருக்கிற இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் சொல்கிறான். திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்றும் ஒளிக்காமல் சொல்கிறான். இழந்தவர்கள் கையில் கொடுத்த வாக்குத்தத்தம் அது. அட்டை பொய்த்துவிட்டது என்று அம்மா நினைக்க வேண்டாம். நீயும் காத்திருக்கிற நாட்களில் உன் தோட்டத்தைப் போடு.

உன் தோட்டம் உன் கைத்தொழில். அதன் பழைய கதை ஒன்றையும் கேள். 1711-ல் லண்டனிலிருந்து தரங்கம்பாடி மிஷனுக்கு அச்சு இயந்திரத்தோடு புறப்பட்ட கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். அதை மீட்டு வருகிற வழியில் கூட வந்த அச்சாளர் இறந்துபோனார். மறு வருஷம் இயந்திரம் மட்டும் கரை சேர்ந்தது. பிறகு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. மிஷனரி சீகன்பால்குவும் கூட இருந்தவர்களும் உட்கார்ந்து அழுதிருக்கலாம். ஆனால் நம் நாட்டிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஈயத்தோடு பதினெட்டு வருஷம் பழகியவன் சொல்கிறேன், உருக்கினால் அது வீணாவதில்லை. நான் நாற்பத்திரண்டு வயதில், என்னைவிட இருபது வயது இளைய பையனிடம் பேஜ்மேக்கர் கற்றேன். ஸ்டிக்கில் வரி பிடித்த கண்ணுக்கு இடைவெளி எங்கே கூடுதல் என்று திரையிலும் தெரிந்தது. உன் கண்ணும் உன்னோடுதான் ஊருக்கு வந்திருக்கிறது.

இனி கைக்காரியங்கள். நிலுவைச் சம்பளத்தையும் ரிலீவிங் லெட்டரையும் எழுதிக் கேட்டு வாங்கு. பி.எஃப். பணத்தைப் பதற்றத்தில் எடுக்காதே. வீட்டுக் கணக்கை அம்மாவுக்கு மறைக்காமல் காட்டு. நீ செய்த பக்கங்களில் சிறந்த இருபதைத் தேர்ந்து, காட்ட அனுமதி கேட்டு, ஒழுங்காகத் தொகுத்து வை. தினமும் காலையில் ஜெபித்த கையோடு இரண்டு மணி நேரம் வேலை மேசையில் உட்கார். யாரும் கேட்காவிட்டாலும் ஒரு பக்கம் செய். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வா. காணிக்கைப் பை வரும்போது போட ஒன்றுமில்லை என்றால் பையைத் தொட்டு அடுத்தவருக்குக் கொடு. எனக்கு வேலை போன அந்த வருஷம் எட்டு மாதம் நான் அப்படித்தான் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீ வீட்டில் இருப்பது தெரிந்ததும் ஆலயத்து நோட்டீஸ், பேனர், சங்கத்து மலர் எல்லாம் உன்னைத் தேடி வரும். கர்த்தருடைய வேலைதானே, சும்மாதானே இருக்கிறாய் என்பார்கள். வேலையாளுக்குக் கூலி உண்டு என்று சொன்னவர் நம் ஆண்டவர்தான். தொகையைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கு. உனக்கு வாய் வராது என்று தெரிந்து, போன வாரக் கமிட்டியில் நானே பேசிவிட்டேன். அறுப்பின் பண்டிகை நோட்டீஸை நீ செய்கிறாய். வெளியே கொடுக்கிற தொகையையே உனக்கும் கொடுக்கிறார்கள். பொருளாளர் சம்மதித்துக் கணக்கில் எழுதியாயிற்று.

விவரங்கள் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன. புதன்கிழமைக்குள் புரூப் வேண்டும். திருத்த நான் வருகிறேன். அம்மாவிடம் சொல், இனி ஆலய வாசலில் சத்தமாகவே பேசலாம்.

ஜெபத்துடன்,
மாமா